சிறு சோதனைகள்: லெந்து காலக் கேள்வி பதில்

முப்பது ஆண்டுகளாக ஞாயிறு பள்ளியில் வேதபாடம் நடத்துகிறேன். இது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்கள். தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன், கேளுங்கள்.

கேள்வி: ஐயா, மளிகைக் கடையில் 100 ரூபாய் கூடுதலாக மீதி கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். காணிக்கையில் போட்டுவிடலாமா?

பதில்: கூடாது. அது கடைக்காரருடைய பணம். இன்றே திருப்பிக் கொடுங்கள். நாளைக்கு என்று தள்ளினால் மனம் நியாயம் தேடத் தொடங்கிவிடும்.

கேள்வி: ஜெபக்கூட்டம் முடிந்ததும் பிறரைப் பற்றிப் பேசும் பழக்கத்தை விட முடியவில்லை. இனிப் பேசவே மாட்டேன் என்று தேவனுக்கு வாக்குக் கொடுத்துப் பொருத்தனை செய்யட்டுமா?

பதில்: பொருத்தனை வேண்டாம், சகோதரி. நேர்ந்துகொண்டு செய்யாமல் போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்கிறது பிரசங்கி 5:5. பொருத்தனை உடைந்த வெட்கத்தில் ஜெபத்தையே விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சோதனை எங்கே வருகிறது என்று கவனியுங்கள். பாய்களைச் சுருட்டியாயிற்று. வாசலில் செருப்பைத் தேடும்போது ஒருவர் தோளைத் தொட்டு, ‘ஜெபிக்கத்தான் சொல்கிறேன்’ என்று குரலைத் தாழ்த்துகிறார். அடுத்து வருவது யாரோ ஒரு வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சு முறிந்த கதை. நானும் ஒரு காலில் செருப்போடு கால் மணி நேரம் நின்று கேட்டிருக்கிறேன். அன்று இரவு அந்தப் பெண்ணுக்காக நான் ஜெபிக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

இப்போதெல்லாம் பெயரைச் சொன்னவுடன், ‘வாருங்கள், இங்கேயே ஜெபித்துவிடுவோம்’ என்று கண்ணை மூடிவிடுகிறேன். உண்மையான பாரம் என்றால் அவரும் மூடுவார். இல்லையென்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஏவாள் பாம்போடு பேச்சுக் கொடுத்து விழுந்தாள்; யோசேப்போ, எஜமானின் மனைவி பிடித்திழுத்தபோது வஸ்திரத்தையும் விட்டுவிட்டு ஓடினான்.

கேள்வி: காலையில் ஜெபத்துக்கு முன்பே கை கைபேசிக்குப் போகிறது.

பதில்: இரவே அடுத்த அறையில் சார்ஜ் போடுங்கள். எழுப்புவதற்கு ஓர் அலாரக் கடிகாரம் போதும்.

கேள்வி: இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் ‘எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்’ என்று ஜெபிக்கிறோம். தேவன் ஒருவனையும் சோதிக்கிறவரல்ல என்று யாக்கோபு 1:13 சொல்கிறதே?

பதில்: கிரேக்கத்தில் ‘பெய்ராஸ்மோஸ்’ என்ற ஒரே சொல்லுக்குப் பரீட்சை என்றும் பாவத்துக்கு இழுக்கும் தூண்டுதல் என்றும் இரண்டு பொருள். நம்முடைய ‘சோதனை’யும் அப்படித்தான். ஆதியாகமம் 22:1இல் தேவன் ஆபிரகாமைச் சோதித்தது பரீட்சை. யாக்கோபு மறுப்பது தூண்டுதலை. தமிழ்க் கத்தோலிக்கர் ‘சோதனையில் விழவிடாதேயும்’ என்று ஜெபிக்கிறார்கள். பிரெஞ்சுக் கத்தோலிக்கர் 2017இலும் இத்தாலியர் 2020இலும் ஏறக்குறைய இதே பொருள் வரும்படி அந்த வரியை மாற்றினார்கள்.

கேள்வி (வேறொருவர்): அப்படியானால் நம்முடைய மொழிபெயர்ப்பு தவறா?

பதில்: இல்லை. ‘சோதனைக்குள் கொண்டுபோகாதேயும்’ என்பதுதான் கிரேக்க வரி. நாம் சொல்லைக் காத்தோம். அவர்கள் பொருளை விளக்கினார்கள். இதற்காகச் சண்டை வேண்டாம்.

கேள்வி (முதலில் கேட்டவர்): சண்டை இல்லை ஐயா. ஆனால் மத்தேயு 4:1இல் இயேசுவை வனாந்தரத்துக்குக் கொண்டுபோனது ஆவியானவர்தானே?

பதில்: நல்ல இடத்தைப் பிடித்தீர்கள் தம்பி. கொண்டுபோனவர் ஆவியானவர், சோதித்தவன் பிசாசு. பிதாவுக்கு அது பரீட்சை, பிசாசுக்கு அது கண்ணி. எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் அவர் பாவமில்லாதவர் என்கிறது எபிரெயர் 4:15. ஆகவே மனம் இழுக்கப்படுவதே பாவம் என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள். அவர் பதில் சொன்ன விதத்தையும் பாருங்கள். மூன்று முறையும், முறைக்கு ஒன்றாக, உபாகமத்திலிருந்து ஒரு வசனம் மட்டுமே. பிசாசு 91ஆம் சங்கீதத்தைக் காட்டியபோதும் அவர் வாதத்தை வளர்க்கவில்லை.

கேள்வி: லெந்து நாட்களில் முட்டை சாப்பிடலாமா?

பதில்: உங்கள் ஆயரிடம் கேளுங்கள். சபைக்குச் சபை வழக்கம் வேறு.

கேள்வி: இரவில் கைபேசியைத் தொடமாட்டேன் என்று பொருத்தனை செய்தால்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். அடுத்த அறை. பொருத்தனை வேண்டாம்.

கேள்வி: கணவர் தினமும் குடிக்கிறார். எந்த வசனத்தைச் சொல்லித் திருத்துவது?

பதில்: அம்மா, இது சிறு சோதனை அல்ல, நோய். ஜெபியுங்கள்; ஆனால் அவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் அழைத்துப் போங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய் மருத்துவரிடம் பேசுங்கள். தனியாகச் சுமக்காதீர்கள்.

கேள்வி: ஐயா, காலையில் எழுந்ததும் கைபேசி...

பதில்: இது மூன்றாவது முறை. மேலே படியுங்கள். படித்துவிட்டு, இன்றிரவே எடுத்துக்கொண்டுபோய் அடுத்த அறையில் வையுங்கள்.