இலவசம்தானே, ஏன் ஒருவரும் எடுப்பதில்லை?

திறந்த மூல மென்பொருள் (கோட் எனும் நிரல் வெளியே தெரிய, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமம் தருவது) பற்றி மலையக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

ஹட்டனில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். ஒரு கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸும், வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபிஸும் போட்டேன். பிள்ளைகள் பென்டிரைவில் கொண்டுவரும் வேர்ட் கோப்பைத் திறந்தால் பக்கம் குலைகிறது. "அண்ணே, ஒங்க மெஷின் சரியில்ல" என்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

மெஷினில் பிழையில்லை, பெரும்பாலும் எழுத்துருவில்தான். வேர்டின் கலிப்ரி எழுத்துரு இல்லாத குறையை அதே அகலமுள்ள கார்லிட்டோ எழுத்துரு சமாளித்துவிடும், அது லிப்ரே ஆபிஸோடு வருகிறது. அதனால் ஆங்கிலப் பக்கம் அவ்வளவாக நகராது. தமிழுக்கு அந்த வசதி இல்லை. விண்டோஸின் லதா எழுத்துருவில் அடித்ததை லினக்ஸில் திறந்தால் வேறொரு எழுத்துரு வந்து உட்காரும், நான்கு பக்கம் ஐந்தாகும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவை வைத்த பழைய எழுத்துருவான பாமினியில் அடித்தது என்றால் இன்னும் மோசம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். முதலில் பாமினியை ஏற்றுங்கள். பிரின்ட் மட்டும் எடுக்க வருபவரிடம் பிடிஎஃப் கேளுங்கள்.

இன்னொரு கணினியில் உரிமத்தோடு வேர்டும் இருக்கட்டும். கொள்கைக்காக வாடிக்கையாளரை இழக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. லிப்ரே ஆபிஸ் பயன்படுத்தும் ஓடிஎஃப் கோப்பு வடிவம் 2006இலேயே ஐஎஸ்ஓ எனும் சர்வதேசத் தரமாகிவிட்டது. அதனால் என்ன? ஊர் முழுக்க வேர்ட் கோப்புதான் சுற்றுகிறது. நீங்கள் ஒருவர் மாறினால் போதாது, உங்களோடு கோப்பு மாற்றிக்கொள்பவர்களும் மாற வேண்டும்.

காசு கேட்காத மென்பொருளை ஏன் மக்கள் எடுப்பதில்லை? (ஆசிரியர், பதுளை)

விண்டோஸுக்கு மட்டும் இங்கே எத்தனை பேர் காசு கொடுத்தார்கள்? கணினி விற்பவரே திருட்டுப் பிரதியைப் போட்டுத் தந்துவிடுகிறார். ஆக, விலையைக் காட்டி ஜெயிக்க வழியில்லை. விண்டோஸ் படுத்துவிட்டால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பார்க்க ஆள் உண்டு. லினக்ஸ் படுத்தால் யாரிடம் போவது? விற்கிற கம்பனி இல்லையென்றால் பதுளை வரை வந்து பழக்கிக் கொடுப்பதும் யாருடைய வேலையும் இல்லை.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. பாடசாலைக் கணினிகளை இந்த விடுமுறையில் ஒரேயடியாக லினக்ஸுக்கு மாற்றலாமா?

ஒரேயடியாக வேண்டாம். பிரான்ஸின் ஜாண்டார்மரி காவல் படை 2005இல் முதலில் அலுவலக மென்பொருளைத்தான் மாற்றியது. ஆட்கள் அதில் பழகிய பின், 2008 முதல் உபுண்டு என்ற லினக்ஸுக்குப் போனது. ஜெர்மனியின் மியூனிக் நகரமோ 2013இல் லினக்ஸ் மாற்றத்தை முடித்துவிட்டு, 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. மாநகரசபை அரசியலுக்கும் அதில் பங்குண்டு. விண்டோஸிலேயே லிப்ரே ஆபிஸையும் ஃபயர்ஃபொக்ஸையும் ஒரு தவணை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் இரண்டு கணினியை மட்டும் மாற்றுங்கள்.

கொழுந்து நிறையைக் குறித்துச் சம்பளக் கணக்குப் போடும் ஆப் ஒன்றை எழுதி, கோட்டைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. இன்னும் என்ன வசதி சேர்க்கலாம்? (தலவாக்கலை)

எதையும் சேர்க்காதீர்கள், தம்பி. நீங்கள் அனுப்பிய இணைப்பைப் பார்த்தேன். உரிமக் கோப்பே இல்லை. கோட் வெளியே தெரிந்தால் மட்டும் திறந்த மூலம் ஆகாது. உரிமம் எழுதாதவரை பதிப்புரிமை முழுக்க உங்களுடையது, மற்றவர் எடுத்து மாற்ற முடியாது. எம்ஐடியோ ஜிபிஎல்லோ, திறந்த மூல உரிமம் ஒன்றை இன்றைக்கே போடுங்கள். நிறுவும் வழி ஆங்கிலக் கட்டளைகளாக நீள்கிறது. எந்தக் கணக்குப்பிள்ளை கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறப்பார்? போனில் நேராகப் போட ஒரு ஏபிகே (அண்ட்ரொய்ட் ஆப் கோப்பு) வேண்டும், சிக்னல் இல்லாத மலையிலும் அது ஓட வேண்டும்.

பெரிய குறை வேறு. நனைந்த கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு, அதற்கு மேல் சாக்குக் கழிவு என்று வெட்டுவார்கள். உங்கள் ஆப் வெட்டிய பின் மிஞ்சும் கிலோவை மட்டும் காட்டுகிறது. தராசு காட்டியது எவ்வளவு, எதற்கு எவ்வளவு போனது என்று பறித்த அக்காவுக்குத் தெரிய வழியில்லை. அரைப்பேர் (அரைநாள் சம்பளக் கணக்கு) போடுவதற்கும் இடமில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு பின்னேரம் நின்றிருந்தால் இரண்டுமே கண்ணில் பட்டிருக்கும்.

நிர்வாகத்திடம் இப்போதைக்குப் போகாதீர்கள். "நீங்கள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால் இதை யார் பார்ப்பது?" என்பார்கள், அது நியாயமான கேள்வியும்கூட. ஒரு தொழிலாளி தன் நிறையைத் தானே குறித்துவைத்து, மாதக் கடைசியில் சம்பளச் சிட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கிற ஆப்பாக இதைச் சுருக்குங்கள். அதற்கு எந்தத் துரையின் அனுமதியும் வேண்டாம். கூடவே ஊரில் இன்னொருவருக்கு அந்தக் கோட்டைப் பழக்கிவிடுங்கள்.