கணினியோடு இணைக்கும் பி.எச். உணரி என்ன செய்கிறது?

பி.எச். என்பது ஒரு கரைசல் எவ்வளவு அமிலம் அல்லது காரம் என்று சொல்லும் எண். அதை அளக்கும் உணரி, அதன் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் சின்னப் பெட்டி, ஒரு கணினி. கருவி இவ்வளவுதான். உணரியின் கண்ணாடிக் குமிழில் ஒரு பி.எச். அலகுக்குச் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும் (25 டிகிரி செல்சியஸில்). கணினி அதை உடனுக்குடன் வரைபடமாக்கும்.

20 மி.லி. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடை விட்டுப் பாருங்கள். 19.9 மி.லி. விட்டதும் 3.6 ஆக இருக்கும் பி.எச்., 20.1 மி.லி.யில் 10.4க்குத் தாவும். நாலே சொட்டு! பினாப்தலீன் என்ற நிறங்காட்டி நிறம் மாறியதை மட்டுமே சொல்லும். மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டதைக் காலையில் போய்ப் பார்ப்பதற்கும், மதகிலேயே உட்கார்ந்து ஏற ஏற அளவு குறிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

கரைசலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள பைகார்பனேட், அமிலத்தைத் தின்றுவிடும்.

உணரியைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைப்பதே நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அப்படி ஊறவைத்தால் உணரிக்குள் இருக்கும் உப்பு கசிந்து உணரி கெடும், 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும்.