குரலால் ஆப்பை இயக்குவது: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, எங்கள் பில்லிங் ஆப்பில் குரல் கட்டளை சேர்க்கிறோம். கட்டளைப் பட்டியலை எப்படித் தயாரிப்பது?

பதில்: பட்டியலை அப்புறம் பார்க்கலாம். பொத்தானில் என்ன எழுதியிருக்கிறதோ, அதைத்தான் ஆள் வாய்விட்டுச் சொல்வார். கண்ணுக்கு 'சேவ்' என்று காட்டிவிட்டு, குரல் மென்பொருள் படிக்கும் மறைவான பெயரான ஏரியா லேபிளில் (aria-label) 'சப்மிட் ஃபார்ம்' என்று வைத்திருந்தால், அவர் 'க்ளிக் சேவ்' என்று தொண்டை கிழியக் கத்தினாலும் நடக்காது. 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1இல் (WCAG, இணையத்தை எல்லாரும் பயன்படுத்துவதற்கான வழிகாட்டி) 2.5.3 என்ற விதி இதற்கென்றே இருக்கிறது. முதலில் பெயர்களைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: எந்த மைக் வாங்கலாம்?

பதில்: வாய்க்கு அருகில் நிற்கும் ஹெட்செட் மைக். அடுத்தவர்.

கேள்வி: ஒற்றை எழுத்து ஷார்ட்கட் வைக்கலாமா சார்?

பதில்: அணைக்க வழி வைத்தால் வையுங்கள். ஜிமெயிலில் ஷார்ட்கட்டை இயக்கிவிட்டு, கர்சர் எழுதும் பெட்டிக்கு வெளியே இருக்கும்போது டிக்டேஷன் செய்து, அதாவது பேசி எழுத வைத்துப் பாருங்கள். பேசிய வாக்கியம் எழுத்தெழுத்தாக ஷார்ட்கட்டாகிவிடும். அதில் ஆங்கில 'இ' (e) ஒன்று வந்தாலே திறந்திருக்கும் மடல் ஆர்கைவுக்குப் போய்விடும். என்ன நடந்தது என்றே அவருக்குப் புரியாது.

கேள்வி: கட்டளை நீளமாக இருந்தால்தானே துல்லியம்? குரலால் கணினியை இயக்கும் டாலன் (Talon) மென்பொருளில் a, b, c எழுத்துகளுக்கு ஏர், பேட், கேப் என்று ஓரசைச் சொல் வைத்திருப்பது சரியில்லை. a, b-க்கு 'ஆல்ஃபா, பிராவோ' என்று சொல்லும் முறை போதாதா?

பதில்: ஆல்ஃபா, பிராவோ முறை இரைச்சலான ரேடியோவுக்கு வந்தது. கைவலியால் கீபோர்டைத் தொட முடியாதவர் நாள் முழுக்க n எழுத்துக்கு 'நவம்பர், நவம்பர்' என்று சொன்னால் தொண்டையும் போய்விடும்.

கேள்வி: டாலனில் r எழுத்துக்கான 'ரெட்' என்பது 'பெட்' என்று கேட்காதா?

பதில்: கட்டளை நிலையில், பட்டியலில் உள்ள சொற்களுக்குள்தான் பேச்சைப் புரிந்துகொள்ளும் இன்ஜின் தேடும். 'பெட்' அதில் இல்லையென்றால் அப்படிக் கேட்க வழியில்லை. நீங்களாக 'பெட்' என்று ஒரு கட்டளை சேர்த்தால்தான் வம்பு.

கேள்வி: அதைத்தானே நானும் சொல்கிறேன்! ஆப் வளர வளரப் பட்டியலும் வளருமே.

பதில்: வளரட்டும், எல்லாம் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டாம். பில் திரையில் பில் கட்டளைகள், ரிப்போர்ட் திரையில் ரிப்போர்ட் கட்டளைகள். எழுத்துகள் மட்டும் எங்கும் இருக்கட்டும். சொல்லை நீட்டுவதைவிட இது பலன் தரும்.

கேள்வி: 'டெலீட்' சொன்னதும் உறுதி கேட்கட்டுமா?

பதில்: அன்டூ (செய்ததை மாற்றிக்கொள்ளும் வசதி) கொடுங்கள். பணம் அனுப்புவதுபோல் திரும்பப் பெற முடியாததற்கு மட்டும் கேளுங்கள்.

கேள்வி: ஐகானுக்குப் பெயர் தேவையா? 'ஷோ நம்பர்ஸ்' சொன்னால் திரையில் ஒவ்வொன்றின் மேலும் எண் வருமே?

பதில்: தேவை. எண் வழி, பெயர் தெரியாதபோது மட்டும்.

கேள்வி: விலை குறைவாக நல்ல மைக்...

பதில்: மேலே பாருங்கள் தம்பி. முதலில் லேபிளைச் சரிபார்த்தீர்களா?