மழை ஓய்ந்தது என்கிறோமே, மழைக்குக் களைப்பா?

கேள்வி: ஓய்வுநாள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சிருஷ்டிப்புப் பாடத்தில் ஒரு பையன் எழுந்து, "சொன்னாலே எல்லாம் உண்டாகிவிடுகிறதே, பிறகு ஏழாம் நாள் எதற்கு ஓய்வு? கடவுளுக்கும் களைப்பு வருமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்தேன். என்ன சொல்வது?
- ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, அந்தப் பையனை முதலில் பாராட்டுங்கள். பாதிப் பெரியவர்கள் இந்த வசனத்தைக் கேள்வியே இல்லாமல் கடந்துவிடுகிறார்கள்.

பாதிப் பதில் நம் தமிழ் வேதாகமத்திலேயே இருக்கிறது. "ஓய்ந்திருந்தார்" என்கிறது ஆதியாகமம் 2:2. மழை ஓய்ந்தது என்கிறோம்; மழை களைத்தா போய்விட்டது? பெய்து முடித்தது, நின்றது. மூல எபிரெயச் சொல்லான 'ஷாபாத்'துக்கும் நிறுத்துதல் என்பதுதான் முதற்பொருள். கர்த்தர் சோர்ந்துபோவதில்லை, இளைப்படைவதுமில்லை என்று ஏசாயா 40:28 வெளிப்படையாகவே சொல்கிறது.

ஆனால் பையனின் கேள்வி இதைவிடப் பெரியது. கடவுள் எப்படிப்பட்டவர் என்று கேட்கிறான். அதற்குப் பக்கத்து வீட்டுக் கதையைக் கேட்க வேண்டும். பாபிலோனியர்களுக்கும் ஒரு படைப்புக் கதை உண்டு. ஏழு களிமண் பலகைகளில் எழுதப்பட்ட 'எனுமா எலிஷ்'. அதில் மர்துக் என்னும் தெய்வம், கடலான தியாமத்தைக் கொன்று, உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக நிறுத்துகிறான். அவளுடைய படைத்தலைவன் கிங்குவின் இரத்தத்திலிருந்து மனிதன் உண்டாகிறான். எதற்கு? தெய்வங்களின் வேலைகளைச் சுமக்க. மனிதன் உழைத்தால்தான் தெய்வங்களுக்கு ஓய்வு. (இரத்தம் வரும் இடத்தில் உங்கள் வகுப்பு அமைதியாகிவிடும், பாருங்கள்.) கி.மு. 586-இல் எருசலேம் வீழ்ந்து யூதர்கள் சிறைப்பட்டுப் போனது, இந்தக் கதையைப் புத்தாண்டு விழாவில் ஓதிய ஊருக்குத்தான்.

இப்போது ஆதியாகமத்துக்கு வாருங்கள். மனிதன் ஆறாம் நாளில் உண்டாகிறான். அவனுக்கு விடிகிற முதல் முழு நாள் எது? ஏழாம் நாள். இன்னும் ஒரு செடிக்குக்கூட அவன் தண்ணீர் ஊற்றவில்லை; அதற்குள் கடவுளின் ஓய்வுக்குள் வந்து நிற்கிறான். சாப்பாடும் அப்படித்தான். பாபிலோனில் தெய்வங்களுக்கு மனிதன் வேளாவேளைக்கு உணவு படைக்க வேண்டும். இங்கே விதைதரும் பூண்டுகளையும் கனிமரங்களையும் காட்டி, இவை உங்களுக்கு ஆகாரம் என்று கடவுள் மனிதனுக்குப் பரிமாறுகிறார் (1:29). மனிதனிடமிருந்து எதுவும் தேவைப்படாத கடவுள் இவர். ஆகவேதான் கொடுக்க முடிகிறது.

அந்தக் கதையில் ஆழ்கடல், கொல்ல வேண்டிய எதிரி. இங்கே அதே ஆழத்தின்மேல் தேவ ஆவியானவர் "அசைவாடிக்கொண்டிருந்தார்". உபாகமம் 32:11-ஐப் புரட்டுங்கள். கழுகு தன் குஞ்சுகளின்மேல் "அசைவாடி" என்று வருகிறது. எபிரெயத்திலும் அதே வினைதான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வாளை எதிர்பார்த்து வந்தால் சிறகு நிற்கிறது.

அடுத்த வாரம் எல்லாவற்றையும் நீங்களே சொல்லிவிடாதீர்கள். பையனை முதல் அதிகாரத்தை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு நாளும் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்று முடிவதை விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். ஆறு வரும். பிறகு இரண்டாம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களில் ஏழாவதைத் தேடட்டும். கிடைக்காது. ஏன் இல்லை என்று அவனே கேட்பான்.