இ-3 விசா மறுப்பு: குறை பறப்பு மணிகளில் இல்லை

பட்டத்துக்குப் பதில் டிப்ளமோ வைத்திருக்கும் நீங்கள், அமெரிக்காவில் பைலட் வேலைக்குக் கேட்ட இ-3 விசா (ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கான அமெரிக்க வேலை விசா) ஏன் மறுக்கப்பட்டது என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஒப்புதல் வந்த பிறகும் சிட்னியில் அமெரிக்கத் துணைத் தூதரகம் விசாவை மறுத்ததற்கு உங்கள் 1,900 பறப்பு மணிகள் காரணமல்ல. அமெரிக்காவின் ஏர்லைன் பைலட் உரிமத்துக்கு 1,500 மணி போதும். இடறியது பெரும்பாலும் டிப்ளமோதான். இ-3, இளங்கலைப் பட்டமோ அதற்கு ஈடானதோ தேவைப்படும் வேலைகளுக்கான விசா.

வேலைக் கடிதத்தில் பட்டம் கேட்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு உங்கள் டிப்ளமோவும் அனுபவமும் பட்டத்துக்கு ஈடாகுமா என்று கல்வித் தகுதி மதிப்பீடு செய்யுங்கள். மூன்றாண்டு அனுபவத்தை ஓராண்டுப் படிப்புக்கு ஈடாகக் கணக்கிடும் முறை உண்டு. பறக்கக் கற்றுக்கொடுத்த ஆண்டுகளையும் லாக் புத்தகத்தோடு (பறப்பு மணிகளைப் பதியும் ஏடு) சேர்த்துக் காட்டுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது.

ஆண்டுக்கு 10,500 இடங்கள் என்பதால் தீர்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். ஆனால் முடிவு அதிகாரியின் கையில். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டப்படும்வரை இப்போதைய வேலையை விட்டுவிடாதீர்கள்.