குஞ்சு மட்டுமே விட்ட ஏரியில் 14 கிலோ கெண்டை எப்படி வந்தது?

கேள்வி: எங்கள் ஏரியில் ஆண்டுதோறும் விரலளவு கெண்டைக் குஞ்சுகளை விட்டு, ஆண்டுக் கடைசியில் இழுவலை போட்டு வாரிவிடுவோம். ஒன்றரை கிலோவைத் தாண்டியதே இல்லை. இந்த முறை 14 கிலோவில் ஒரு சாதாக் கெண்டை! யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்று பேச்சு. இருக்குமா?

பதில்: இருக்கலாம். ஆனால் என் சந்தேகம் முதலில் உங்கள் வலை மேல்தான்.

ஏரியை வற்றவைக்காத வரை எந்த வலையும் முழுசாக வாராது. அதிலும் சாதாக் கெண்டை பலே கள்ளன். வலையின் அடிக்கயிறு நெருங்கினால் சேற்றில் புதைந்து படுத்துக்கொள்ளும்; வலை அதன் முதுகுக்கு மேலே போய்விடும். மேட்டில் நிற்பவர்களோ ஏரி காலி என்று நினைப்பார்கள்.

ஒன்றரை கிலோ என்பது கெண்டையின் எல்லை அல்ல, நீங்கள் அதைப் பிடிக்கும் வயது. மீனின் வளர்ச்சி நம்முடையதைப் போல ஒரு வயதோடு நிற்பதில்லை. வேகம் குறையும், ஆனால் தீனி இருக்கும்வரை வளரும். சாதாக் கெண்டை 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் கூட்டம் குறைந்துவிடுவதால், தப்பியதற்கு ஏரியின் புழு பூச்சியெல்லாம் தனி விருந்து.

மற்ற வழிகளும் உண்டு. வெள்ளக் காலத்தில் வரத்துக் கால்வாய் வழியே பெரிய மீன் ஏறிவரும். வயதாகிக் கழிக்கப்பட்ட தாய்மீன்களைச் சில பண்ணைகள் ஏரிகளில் விடுவதுண்டு. தொட்டி மீனை இரக்கப்பட்டு விடுகிறவர்களும் இருக்கிறார்கள்; அமெரிக்காவின் பர்ன்ஸ்வில் நகர ஏரியில் 2021-இல் அமெரிக்கக் கால்பந்து (நீள்வடிவப் பந்து) அளவுக்குத் தங்கமீன்கள் கிடைத்தது அப்படித்தான்.

இன்னொரு விசித்திரம் மலட்டு மீன். இனப்பெருக்கம் செய்யாதபடி மூன்று தொகுதி குரோமோசோம்களுடன் உருவாக்கப்படும் மீன்கள், சினைக்குச் செலவழிக்க வேண்டியதையும் சதையாக்கிவிடும். கனடாவின் டீஃபன்பேக்கர் ஏரியில் 2009-இல் பிடிபட்ட, கிட்டத்தட்ட 22 கிலோ வானவில் டிரவுட் இந்த வகைதான். கூண்டுப் பண்ணையிலிருந்து தப்பிய கூட்டத்தைச் சேர்ந்தது. உங்கள் கெண்டைக்கு இது பொருந்தாது என்று நினைக்கிறேன். குஞ்சு வாங்கிய பண்ணையைக் கேட்டால் தெரிந்துவிடும்.

மீன் இன்னும் கைவசம் இருந்தால், முதுகுத் துடுப்புக்குக் கீழே, பக்கக்கோட்டுக்கு (உடலின் பக்கத்தில் தலையிலிருந்து வால்வரை ஓடும் கோடு) மேலே பத்துச் செதில்களை எடுத்துக் கழுவி, உருப்பெருக்கியில் பாருங்கள். வளர்ச்சி மந்தமான பருவத்தில் வளையங்கள் நெருங்கி ஒரு பட்டையாகத் தெரியும். பட்டைக்கு ஓர் ஆண்டு. நடுப்பகுதி கலங்கலாக இருந்தால் அது உதிர்ந்து மறுபடி முளைத்த செதில், தள்ளிவிடுங்கள். முதிர்ந்த மீனில் விளிம்புப் பட்டைகள் ஒட்டிக்கொள்வதால் ஒன்றிரண்டு ஆண்டு குறைவாகக் காட்டும்.

எட்டு, ஒன்பது பட்டைகள் தெரிந்தால், அத்தனை ஆண்டுகளுக்கு முந்தைய குஞ்சுக் கணக்கைப் புரட்டுங்கள். அப்போது சாதாக் கெண்டை விட்டிருந்தால் அது உங்கள் மீன்தான். விடவே இல்லையென்றால் வரத்துக் கால்வாயில் சல்லடை இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.