நீலகிரியில் புதிய ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) பிரிவு தொடங்கும் முன் உள்ளூர் வேலைத் தேவையை எப்படிக் கணக்கிடுவது?

"உங்களுக்கு எத்தனை ஃபிட்டர் வேண்டும்?" என்று தொழிற்சாலையில் கேட்டால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வார்கள். அதை நம்பி வகுப்பு திறக்காதீர்கள். கடந்த 2 வருடத்தில் எத்தனை பேரை எடுத்தீர்கள், என்ன சம்பளம், எந்த ஊர்க்காரர்கள், ஆள் கிடைக்க எத்தனை மாதம் ஆனது, அடுத்த 5 வருடத்தில் யார் யார் ஓய்வு பெறுகிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் சம்பளப் பதிவேட்டையே பாருங்கள்.

ஒரு உதாரணக் கணக்கு. 50 தேயிலைத் தொழிற்சாலை, தலா 2 ஃபிட்டர் என்றால் மொத்தம் 100 இடம். ஓய்வும் விலகலும் சேர்ந்து வருடத்துக்கு 8 இடம் காலியானால் தேவை அந்த 8 தான். ஐடிஐ-யில் ஃபிட்டர் யூனிட்டுக்கு 20 பேர், படிப்பு 2 வருடம். வருடந்தோறும் 20 பேரை வெளியே அனுப்பினால் 12 பேர் கோயம்புத்தூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அது தவறில்லை. ஆனால் அங்குள்ள கம்பெனிகளோடு அப்ரண்டிஸ் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துவிட வேண்டும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுப்பது சட்டப்படி கட்டாயம். அனுமதி, மெஷின், ஆசிரியர் எல்லாம் சேர வருடம் ஒன்று ஓடிவிடும். முதல் பேட்ச் வெளிவர 3 வருடம் ஆகும். அப்போதைய தேவையைத்தான் இப்போது கணக்கிட வேண்டும்.

தேயிலைக்கென்று தனிப் பிரிவு கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன். இரண்டே பேட்சில் உள்ளூர் வேலையிடம் நிரம்பிவிடும். எங்கும் செல்லுபடியாகும் ஃபிட்டர், எலக்ட்ரீசியன் பிரிவை வைத்துக்கொண்டு, அதன் மேல் மலைக்குத் தேவையான குறுகிய பயிற்சியைச் சேர்த்துவிடுங்கள். தேயிலையை வெட்டித் தூளாக்கும் பல் உருளையான சிடிசி ரோலரைக் கூர் ஏற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். மில்லிங் மெஷினில் சாய்வுப் பள்ளம் வெட்டுவார்கள், சேஸிங் மெஷினில் சுற்றுப்பல் வெட்டுவார்கள். அங்குலத்துக்கு 8 அல்லது 10 பல். பல் மழுங்கினால் இலை வெட்டுப்படாமல் நசுங்கும், தூளின் தரம் கெடும், குன்னூர் ஏலத்தில் விலை இறங்கும். ஃபிட்டர் பாடத்தில் லேத் (கடைசல் மெஷின்) இருக்கிறது, இந்த ரோலர் மெஷின் கிடையாது. அதை ஐடிஐ வாங்க வேண்டாம், தொழிற்சாலையிலேயே பழக்கலாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இலை வரத்து குறையும், ஓவர்ஹால் வேலையும் அப்போதுதான் நடக்கும். மே மாதம் அனுப்பினால் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது, பையன் மூட்டை தூக்கிவிட்டுத் திரும்புவான்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். கூடலூரிலிருந்து ஊட்டி சுமார் 50 கி.மீ. மலைப்பாதை, பந்தலூர் இன்னும் தள்ளி. மழையில் மண் சரிந்தால் வருகைப் பதிவும் சரியும். விடுதி இல்லாமல் பழங்குடிப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கினால் முதல் பருவமழையோடு பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

கூடலூர்ப் பக்கம் வெல்டர் பிரிவு என்றால் வெல்டிங் ராடு உலர்த்தும் ஓவனையும் முதல் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள். ஜூன், ஜூலை ஈரத்தில் ராடின் பூச்சு தண்ணீர் குடித்து, வெல்டில் ஓட்டை ஓட்டையாக விழும். பயிற்சித் தேர்வில் பையனின் கைதான் சரியில்லை என்று மதிப்பெண் போய்விடும்.